மறந்தவளை மறவாதவன்

ஸ்ரீ:

திருவாடிப்பூரத் திருநாளை முன்னிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருத்தேரை ஸேவிக்க வந்திருக்கும் ஆஸ்திகப் பெருமக்களுக்கு அடியேன் தண்டன் ஸமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

இம்மலர் தங்கள் கைக்கு வந்து சேரும்போது, தாங்கள் பெரும்பாலும் தேர்வடத்தைத் தொட்டுவிட்டு, ஏதேனும் ஒரு மண்டபத்து நிழலில் இளைப்பாறிக்கொண்டிருப்பீர்கள். உள்ளங்கை சிவந்திருக்கும். "நானும் இழுத்தேன்" என்று ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு மகிழ்ச்சி இருக்கும். அது பொய்யன்று. ஆனால் தாங்கள் ஒருவரே இழுத்திருந்தால் அத்தேர் ஓர் அங்குலமும் அசைந்திராது. தாங்கள் இழுக்காமல் விட்டிருந்தாலும் அது நின்றிராது. அங்ஙனமாயின் "நான் இழுத்தேன்" என்ற சொல்லுக்குப் பொருள்தான் யாது? வடம் பிடித்தவர்களையன்றி வேறு சிலரும் அங்கே உண்டு. சக்கரத்தின் அருகிலேயே, உயிரைப் பொருட்படுத்தாது முட்டுக்கட்டை போடுகிற கைங்கர்யபரர்கள். அவர்கள் தேரை இழுப்பதில்லை. ஆயினும் தேர் எங்கே திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பது அவர்கள் கையிலுள்ள மரத்துண்டில் இருக்கிறது. இவ்விரு திறத்தாரையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இவர்களிடம் நாம் திரும்பி வரவேண்டும். அதற்கு முன், அடியேன் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடியேனுடைய தாயார் எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு 60 ஆண்டுகள் பூத்தொடுத்தவர். விடியற்காலையில் நீராடி, நனைத்த வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்தால், வாய் வீட்டுச் செய்தி பேசிக்கொண்டிருக்கும். கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கைமட்டும் தன் போக்கில் முடிச்சிட்டுக்கொண்டே போகும். தமது 84ஆம் பிராயத்தில், ஒரு தை மாதத்தில், பரமபதித்தார். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அவருக்கு மறதி நோய். டிமென்ஷியா என்று வைத்தியர் பெயர் சொன்னார். முதலில் நேற்று நடந்தது மறந்தது. பிறகு பெயர்கள் மறந்தன. அதன் பிறகு அடியேனை மறந்தார். பகல் முழுவதும் ஒரே கேள்வி: "ஏண்டா, அப்பா வந்தாச்சா?" தகப்பனார் திருநாடு அலங்கரித்து அப்போதே 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பரமபதிப்பதற்கு முந்தைய சித்திரையில் ஓர் இரவு. அன்று அந்தக் கேள்வி எத்தனையாவது முறையோ தெரியாது. அடியேனுடைய மேல்துண்டைப் பற்றிக்கொண்டு மறுபடியும் கேட்டார். அடியேன் கை அவர் கையைத் தட்டிவிட்டது. அவர் கட்டிலின் விளிம்பில் இடித்துக்கொண்டு அமர்ந்தார். அழவில்லை, யாரோ முன்பின் அறியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தட்டிவிட்டேன்" என்று எழுதாமல் "கை தட்டிவிட்டது" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அன்று அப்படித்தான் தோன்றிற்று. தட்டவேண்டும் என்று எண்ணிய நினைவே இல்லை. கை எழுந்த பிறகுதான் எழுந்ததை அறிந்தேன். அது என் செயலா, எனக்குள் நிகழ்ந்த ஒன்றா? பல நாள் இக்கேள்வியோடு கிடந்தேன்.

தாயாரின் காரியங்களெல்லாம் முடிந்த பிறகு அடியேனுடைய தங்கை வேறொன்று கேட்டாள். "அண்ணா, எத்தனையோ பேர் கடைசி மூச்சில் நாராயணா என்று சொல்லிப் போகிறார்களே. அம்மா வாயில் ஒன்றுமே வரவில்லையே. பெருமாளையே மறந்துபோனவளுக்கு என்ன கதி?"

அவளுடையது நினைவைப் பற்றிய கேள்வி. அடியேனுடையது செயலைப் பற்றியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது பின்புதான் புலப்பட்டது. நமக்குள்ளே நாம் அறியாமல் நடக்கும் காரியங்களுக்கும் "நான்" என்பவனுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே அது.

இக்கேள்வியை இக்காலத்து விஞ்ஞானிகள் தங்கள் முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனி தேசத்து ஃப்ரைபர்க் நகரில் கோர்ன்ஹூபர், டீக்கே என்னும் இருவர், மனிதன் தன் விருப்பப்படி விரலை அசைக்கும்போது மூளையில் எழும் மின்மாறுதலைத் தலையின்மேல் மின்முனைகள் வைத்துப் பதிவு செய்து, 1965இல் விரிவாக வெளியிட்டார்கள். விரல் அசைவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி முன்னதாகவே அங்கே ஓர் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. 1983இல் அமெரிக்காவின் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ நகரில் பெஞ்சமின் லிபெட் என்பவர் இன்னும் ஒரு படி சென்றார். 2.56 விநாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஒளிப்புள்ளியை எதிரே வைத்து, "உனக்குத் தோன்றும்போது கையை அசை, அசைக்கவேண்டும் என்ற எண்ணம் தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்" என்றார். மூளையின் ஆயத்தம் அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்னதாகத் தொடங்கியது. எண்ணம் தோன்றியதாக அவர்கள் சொன்னதோ சுமார் 200 மில்லி விநாடி முன்னதாகத்தான். அதாவது, "நான் விரும்புகிறேன்" என்று நாம் அறிவதற்கு ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கு முன்னரே உள்ளே காரியம் தொடங்கிவிட்டது.

இதைக் கேட்டுச் சிலர், "மனிதனுக்கு ஸ்வதந்த்ரமே இல்லை, அவன் வெறும் யந்த்ரம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2008இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் என்பவரின் குழுவினர், இடப்பக்கப் பொத்தானை அழுத்துவானா வலப்பக்கப் பொத்தானை அழுத்துவானா என்பதை, அவன் தீர்மானித்ததாக உணர்வதற்குச் சுமார் ஏழு விநாடிக்கும் முன்பே மூளைப் படத்திலிருந்து ஊகிக்கலாம் என்று வெளியிட்டபோது அக்கூச்சல் இன்னும் பெருகியது. அந்த ஊகம் சரியாக இருந்தது நூற்றுக்கு 60 அளவிலேதான் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே நூற்றுக்கு 50 சரியாக வரும். 2012இல் ஷுர்கர் என்பவரும் அவர் குழுவினரும் வேறொரு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் அலைகள் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. பின்னோக்கிக் கணக்கிடும்போது அதுவே முன்கூட்டிய ஆயத்தம்போல் தோன்றுகிறது என்பது அவர்கள் வாதம். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் லிபெட் என்பவரே சொன்ன ஒன்றுண்டு. எண்ணம் தோன்றியதற்கும் கை அசைவதற்கும் இடையே சிறிது காலம் மிஞ்சுகிறதல்லவா? அந்த இடைவெளியில், எழுந்துவிட்ட செயலைத் தடுத்து நிறுத்த மனிதனால் முடியும் என்றார் அவர். எழுவது அவன் கையில் இல்லாமற்போனாலும், விடுவதும் தடுப்பதும் அவன் கையில் உண்டு. 2016இல் பெர்லினில் செய்த சோதனையிலும், மூளையில் ஆயத்தம் தொடங்கிய பிறகும் அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்வரை மனிதன் தன்னைத் தடுத்துக்கொள்ளக்கூடும் என்றே கண்டார்கள்.

இப்போது தேரடிக்கு வாருங்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் நினைவுக்கு வருகிறாரல்லவா?

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "இவையெல்லாம் நம் சாஸ்த்ரங்களில் முன்பே இருக்கின்றன" என்று மார்தட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அடியேனுக்கு அது உடன்பாடன்று. மின்முனைகள் அளந்தது ஒன்று. நம் ஆசார்யர்கள் ஆராய்ந்தது மற்றொன்று. எம்பெருமானார் மூளையின் மின்னோட்டத்தைப் பற்றி ஒன்றும் அருளிச்செய்யவில்லை. ஆயினும், "ஒரு செயலுக்குக் காரணங்கள் பல இருக்கும்போது, செய்தவன் என்று யாரைச் சொல்வது?" என்ற கேள்வியை அவர் எதிர்கொண்டிருக்கிறார். அக்கேள்வி பழையதுமன்று, புதியதுமன்று.

ஸ்ரீ கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் எந்தச் செயலுக்கும் காரணம் ஐந்து என்று கண்ணபிரான் அருளிச்செய்கிறான். எம்பெருமானாருடைய பாஷ்யத்தின்படி அவை, இச்சரீரம், கர்த்தாவாகிய ஜீவாத்மா, மனத்தோடு கூடிய இந்த்ரியங்கள், ப்ராணனின் பலவகை வியாபாரம், ஐந்தாவதாக உள்நின்று நடத்தும் பரமாத்மா. நாம் "நான்" என்று சொல்லும் ஜீவாத்மா ஐவருள் ஒருவனே. சரீரமும் இந்த்ரியமும் ப்ராணனும் தத்தம் காரியத்தை நம்மிடம் அனுமதி கேளாமலே தொடங்கியிருக்கலாம் என்று கேட்டு ஸ்ரீவைஷ்ணவன் திடுக்கிட வேண்டியதில்லை. தனித்து நின்று எல்லாம் செய்கிறவன் என்ற பட்டத்தை நம் ஸம்ப்ரதாயம் நமக்கு ஒருபோதும் கட்டியதில்லை.

அப்படியானால் நமக்குப் பொறுப்பு இல்லையா? அங்கேதான் எம்பெருமானார் ஓர் உதாஹரணம் காட்டுகிறார். பெரும் பாறையையோ பெருமரத்தையோ பலர் கூடி நகர்த்துகிறார்கள். காரணம் பலர். அதனால் அவர்களில் எவனுக்கும் விதியும் விலக்கும் இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொருவனும் அதற்கு உட்பட்டவனே. திருத்தேரின் வடம் பிடித்த கைக்கு இதைவிடத் தெளிவாக விளங்கும் உதாஹரணம் உண்டோ?

ஸ்ரீபாஷ்யத்தில் மற்றோர் உதாஹரணம். பாகம் பிரியாத சொத்து ஒன்று இருவருக்குப் பொதுவாக இருக்கிறது. ஒருவன் அதை வேறொருவனுக்குக் கொடுக்க விரும்புகிறான். மற்றவன் சம்மதியாமல் அது நடவாது. ஆயினும் அச்சம்மதத்தைப் பெற்றுக் கொடுத்தவன் முதல்வனே. பலனும் அவனையே சேரும். ஜீவன் முயற்சி செய்கிறான். எம்பெருமான் அம்முயற்சியைப் பார்த்து அனுமதி தந்து நடத்துகிறான். ஆகவே ஜீவனுடைய கர்த்ருத்வம் பொய்யுமன்று, தன்னந்தனியானதுமன்று. கடன்வாங்கிய கருவிகளைக் கொண்டு, ஒருவன் கண்காணிப்பில், நாம் மெய்யாகவே வேலை செய்கிறோம்.

இனி நினைவின் பக்கம் வருவோம். தங்கையின் கேள்வி அங்கே காத்திருக்கிறது.

1911இல் ஜெனீவா நகரத்து வைத்தியர் க்ளாபரேட் என்பவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த அம்மையாருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நில்லாது. தினமும் பார்க்கிற வைத்தியரையும் தினமும் புதியவராகவே காண்பார். ஒரு நாள் வைத்தியர் தம் விரல்களிடையே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகொடுத்தார். ஊசி குத்தியது. சிறிது நேரத்தில் அந்த அம்மையார் அதை மறந்தும் போனார். பின்னர் வைத்தியர் கை நீட்டியபோதோ தம் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், நடந்தது எதுவும் தெரியவில்லை. சிலர் கையில் ஊசி ஒளித்து வைத்திருப்பதுண்டு அல்லவா என்று பொதுவாக ஏதோ சொன்னாராம். நினைவு போய்விட்டது, கை மறக்கவில்லை.

இதைவிடப் பெரிய சான்று அமெரிக்காவில் கிடைத்தது. ஹென்றி மொலாய்ஸன் என்பவர் 1926இல் பிறந்தவர். தீராத வலிப்பு நோய்க்காக 1953இல், 27ஆம் வயதில், ஹார்ட்ஃபர்டு நகரில் அவருடைய மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பங்கையும் அதைச் சார்ந்த இடங்களையும் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. அத்துடன், அந்நாளுக்குப் பிறகு நடந்த எதையும் நினைவில் வைக்கும் சக்தியும் போயிற்று. 2008இல் 82ஆம் வயதில் காலமாகும்வரை, அவருக்கு ஒவ்வொரு நாளும் அன்றே தொடங்கி அன்றே முடிந்தது. ப்ரெண்டா மில்னர் என்னும் பெண்மணி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளிலுள்ள நக்ஷத்ர வடிவத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்ஸிலால் வரைய வேண்டும். கை எதிர்ப்புறமாக ஓடும். எல்லோருக்கும் முதலில் தடுமாற்றம்தான். மூன்று நாட்களில் ஹென்றியின் கை தேர்ந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும் அவருக்கு அப்படியொரு வேலை செய்த நினைவே இல்லை. ஒருமுறை நன்றாக வரைந்து முடித்துவிட்டு, இது கடினமாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்று வியந்தாராம்.

அன்றுமுதல் வைத்திய உலகம், நினைவு என்பது ஒரே பெட்டியில் இருக்கும் பொருளன்று என்று தெளிந்தது. "இன்னது நடந்தது" என்று திரும்ப எடுத்துச் சொல்லும் நினைவு ஒருபுறம். சொல்லாமலே கையிலும் காலிலும் நடையிலும் தங்கியிருக்கும் பழக்கம் மற்றொரு புறம். முன்னது அழிந்தாலும் பின்னது நிற்கக்கூடும்.

நம் பெரியோர்கள் இரண்டாவதை வாசனை என்பார்கள். பூ வாடி உதிர்ந்த பிறகும் அதை வைத்திருந்த ஓலைக்கூடையில் மணம் நிற்பதுபோல என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கும் உவமை. முன் அனுபவித்ததன் ஸம்ஸ்காரத்திலிருந்து பிறக்கும் அறிவே ஸ்ம்ருதி என்று எம்பெருமானார் கீதா பாஷ்யத்தில் விளக்குகிறார். ஆக, நினைவு மேலே எழும் அலை. ஸம்ஸ்காரம் அடியில் கிடக்கும் நீர். அலை எழாத நாளிலும் நீர் வற்றியதாகக் கொள்ளலாகாது.

தாயாரிடம் இதைக் கண்ணாரக் கண்டேன். பெயரும் உறவும் மறந்த மூன்றாம் ஆண்டில், ஒரு நாள் அடியேன் மகள் விளையாட்டாக அவர் மடியில் நாரையும் ஒரு கூடை சம்பங்கியையும் வைத்தாள். தாயார் சற்று நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்கள் தாமே நாரைப் பிரித்தன. முழமாகத் தொடுத்துவிட்டார், ஒரு முடிச்சும் தளரவில்லை. "பாட்டி, இது யாருக்கு?" என்று மகள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. "யாருக்கோ" என்றார். மகள் தொடுத்த சரத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். தாயாரின் கை மின்னல்போல் வந்து தடுத்தது. "மோக்கப்படாது" என்றார். ஏன் மோக்கக்கூடாது என்று கேட்டதற்கு விடை சொல்ல அவரால் இயலவில்லை. பெருமாளுக்குரிய பூவை முன்னதாக முகரலாகாது என்ற காரணம் போய்விட்டது. பெருமாள் பெயரும் போய்விட்டது. தடுக்கும் கை இருந்தது. சூடிக் கொடுத்த நாச்சியாரின் சந்நிதிக்கு வந்திருக்கும் தங்களுக்கு இதைக் கேட்டு ஒரு புன்முறுவல் தோன்றலாம். எங்கள் தாயார் ஆண்டாளல்லர். சாதாரணப் பெண்மணி, முகராமலே 60 ஆண்டுகள் தொடுத்தவர்.

அன்றிரவு அடியேனுக்கு உறக்கம் வரவில்லை. அவர் கையும் அறியாமல் எழுந்தது. சில மாதங்களுக்குப் பின் வந்த அந்தச் சித்திரை இரவில் அடியேன் கையும் அறியாமல்தான் எழுந்தது. ஒன்று பூவைக் காத்தது. மற்றொன்று பெற்றவளைத் தள்ளியது. இரண்டும் தற்செயல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. அவர் கையை அப்படிப் பழக்கியவர் அவரே; ஒவ்வொரு விடியலிலும், முகரலாம் என்று ஆசை தோன்றிய இளம்பருவத்து நாட்களிலும், முகராமல் இருந்து பழக்கினார். அடியேன் கையைப் பழக்கியவன் யார்? கடைப்பையனிடம் சீறியதும், மனைவி இரண்டாம் முறை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், அலுவலகத்தில் தாளை மேஜைமேல் எறிந்ததும் அப்போது சிறியவையாகத் தோன்றின. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு இடைவெளி இருந்தது. ஒவ்வொன்றிலும் கட்டை போடாமல் விட்டேன். அந்த இரவில் மட்டும் நேரம் போதவில்லை என்று சொல்லலாம். அதற்கு முன் 50 ஆண்டுகள் நேரம் இருந்ததே. ஆகையால் "கை தட்டிவிட்டது" என்று மேலே எழுதியதை இங்கே திருத்திக்கொள்கிறேன். தட்டிவிட்டேன்.

கடைசி நினைவைப் பற்றிய சாஸ்த்ரமும் இதையேதான் சொல்கிறது. கடைசியில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் 8ஆம் அத்தியாயம் கூறுவதைப் பலர், "அந்த ஒரு கணத்தில் சாமர்த்தியமாக நினைத்துவிட்டால் போதும்" என்று கொள்கிறார்கள். அதே ச்லோகத்தில் எப்போதும் அந்த எண்ணத்திலேயே ஊறியிருப்பதைப் பற்றிய சொல்லும் இருக்கிறதே! ஆதிபரதர் பெரிய ஞானி, ராஜ்யத்தையே துறந்தவர். தாயை இழந்த மான்குட்டியை எடுத்து வளர்த்தார், இறுதியில் அவர் நினைவு அதனிடமே சென்றது, மானாகப் பிறந்தார். மானை நினைக்கவேண்டும் என்று அந்தக் கணத்தில் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது முன்னே, ஒவ்வொரு நாளும், புல் பறித்துக்கொடுத்தபோதெல்லாம் நடந்தது.

இதை நன்கு அறிந்தவர் இவ்வூரிலேயே நந்தவனம் வளர்த்து, வடபத்ரசாயிக்குத் திருமாலை கட்டிய பெரியாழ்வார். அவருடைய திருமொழியின் நான்காம் பத்தில் திருவரங்கத்தெம்பெருமானை நோக்கிய பதிகம் ஒன்றுண்டு. தளர்ச்சி வந்து, யமகிங்கரர்கள் நெருங்கும் வேளையில் தம்மால் எம்பெருமானை நினைக்க இயலாமற்போகும் என்று அதில் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். "எனக்கு அப்படி ஆகாது" என்று அவர் சொல்லவில்லை. எம்பெருமானுக்கே கண்ணெச்சில் படும் என்று பல்லாண்டு பாடியவர், தம் நினைவைத் துளியும் நம்பவில்லை. தெளிவுள்ள இன்றே, அந்த நாளுக்குமாகச் சேர்த்து விண்ணப்பித்து வைத்துவிடுகிறார்.

இவ்விண்ணப்பத்துக்கு விடைபோல் அமைந்திருக்கிறது ஸ்ரீவராஹ நாயனாரின் சரம ச்லோகம். பூமிப்பிராட்டி குழந்தைகளுக்காகக் கேட்கிறாள், ஞானப்பிரான் சொல்கிறான். மனம் நல்ல நிலையில் இருக்கும்போது, உடல் தளராதிருக்கும்போது, ஒருவன் என்னை நினைப்பானாகில், பிறகு அவன் கட்டைபோலவும் கல்போலவும் நினைவற்றுக் கிடக்கும் காலத்தில், நினைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். நானே அவனை உயர்ந்த கதிக்கு அழைத்துச் செல்கிறேன் என்பது அதன் கருத்து. இங்கே எம்பெருமான் வைத்த நிபந்தனையைப் பாருங்கள். கடைசி மூச்சைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நல்ல நாளில் ஒரு நினைவு. கட்டையும் கல்லுமாவது நமக்கு நேரக்கூடியதே என்று தெரிந்துகொண்டுதான் பேசுகிறான், அதற்காகக் கோபிக்கவுமில்லை. நினைவும் ஞானமும் மட்டுமல்ல, அவை நீங்குவதும் தன்னிடமிருந்தே என்று கீதையின் 15ஆம் அத்தியாயத்தில் சொன்னவனும் அவனேயல்லவா?

தங்கைக்கு இதைத்தான் சொன்னேன். அவள் விடவில்லை. "அம்மா பூத்தொடுக்கும்போது ஊர்க்கதைதானே பேசிக்கொண்டிருப்பாள், பெருமாளை நினைத்தாள் என்று எப்படிச் சொல்வது?" என்றாள். நல்ல கேள்வி. அதற்கும் நம் பூர்வர்கள் இடம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில், சேதனன் நினையாமலே செய்த நன்மைகளையும் எம்பெருமான் தேடித் தேடிக் கணக்கில் ஏற்றுவதைக் காட்டுகிறார். ஏதோ காரியமாகத் திவ்யதேசத்தின் பெயரைச் சொன்னவனையும், வழியில் களைத்து வந்தவன் பாகவதன் என்று அறியாமலே தண்ணீர் கொடுத்தவனையும் அவன் தன்னைச் சேர்ந்தவனாக எண்ணிக்கொள்கிறானாம். நினையாமல் செய்த ஒன்றுக்கே இவ்வளவென்றால், காலை நான்கு மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் முழுகி 60 ஆண்டுகள் செய்ததை என்னென்பது?

"கடைசி வருஷத்தில் அம்மா மன்னியைத் திட்டினாளே, அது?" என்றும் கேட்டாள். சாஸ்த்ரம் கேட்டு அறிந்து ஒழுகக்கூடியவனைப் பார்த்தே பேசுகிறது. கட்டை பிடிக்கும் கை நோயினால் முறிந்துகிடக்கையில், தேர் தடம் மாறியதற்கு அந்தக் கையை யாரும் தண்டிப்பதில்லை. தங்கை வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்துபோய், பூக்கூடையைத் துடைத்துப் பரண்மேல் வைத்தாள்.

சித்திரை இரவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளும் தாயார் கேட்டார்: "ஏண்டா, அப்பா வந்தாச்சா?" உள்ளே அதே சூடு எழுந்தது. எழாமல் தடுக்க அடியேனால் முடியவில்லை. எழுந்ததை அறிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்துண்டிருக்கார் அம்மா, நீ பூவைக் கட்டி முடி" என்றேன். அவர் சமாதானமானார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சூடு, மறுபடியும் கட்டை. சில நாட்களில் தவறியும் இருக்கிறேன். குரல் உயர்ந்துவிடும், கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் சென்றன. ஐப்பசியில் ஒரு நாள் மழை. திண்ணையில் அமர்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அதே கேள்வி வந்தது. "வந்துண்டிருக்கார் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதினேன். அந்த வரியையும் முடித்த பிறகுதான், அன்று சூடே எழவில்லை என்பது கவனத்துக்கு வந்தது.

அடியேன்.